கல்லின் மொழியறிந்த ஹாலந்து
நம் மலைக் கல்லுக்குப் பெயரிட்ட அறிஞரின் வாழ்வும் அது தரும் படிப்பினையும்

போடிநாயக்கனூரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் ஊரை அரணாகச் சூழ்ந்து நிற்கும் மலைத்தொடர் அன்றாடக் காட்சியாகும். அம்மலையின் சரிவுகளில் விளையும் ஏலக்காயும் காப்பியும் மிளகும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்வாதாரமாக விளங்குகின்றன. தோட்ட வேலைக்காக விடியற்காலையில் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுக்குச் செல்லும் தாய்மார்களும், ஏலக்காய் ஏலத்திற்குச் சரக்குக் கொண்டு வரும் வியாபாரிகளும் அந்த மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லக் கூடியவர்கள். ஆயினும், அப்பாதையின் ஓரத்தில் வெட்டப்பட்டு நிற்கும் கருநிறப் பாறையின் பெயர் என்னவென்று கேட்டால், கருங்கல் என்பதற்கு மேல் விடை சொல்வோர் நம்மில் மிகச் சிலரே.

நம் வீடுகளின் அஸ்திவாரத்தில் கிடப்பதும், நம் அன்னையர் அரைத்த அம்மியாகவும் ஆட்டுக்கல்லாகவும் பயன்பட்டதும் இத்தகைய கருங்கல்தான். போடி மலைகளில் பெருமளவில் காணப்படும் இப்பாறைக்கு அறிவியல் உலகம் இட்ட பெயர் சார்னோக்கைட் என்பதாகும். உலகெங்கும் உள்ள நிலவியல் மாணவர்கள் இன்றளவும் இப்பெயரைப் படிக்கின்றனர். இப்பெயரைச் சூட்டியவர் சர் தாமஸ் ஹென்றி ஹாலந்து என்னும் ஆங்கிலேய அறிஞர். சுரங்கம், உலோகம், பெட்ரோலியம் ஆகிய மூன்று துறைகளின் ஆராய்ச்சி வரலாற்றிலும் அழியாத இடம்பெற்ற அன்னாரின் வாழ்வில் நாம் பின்பற்றத்தக்கவையும் உள்ளன. எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கவையும் உள்ளன. இரண்டையும் மறைக்காமல் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரங்க நாட்டின் பிள்ளை

தாமஸ் ஹாலந்து 1868-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் பகுதியில் ஹெல்ஸ்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஏலக்காய் என்றவுடன் போடி நினைவுக்கு வருவதைப் போல, வெள்ளீயம் என்றவுடன் அக்காலத்தில் கார்ன்வால் நினைவுக்கு வரும். பல நூற்றாண்டுகளாக வெள்ளீயமும் செம்பும் தோண்டி எடுக்கப்பட்ட மண் அது. அங்குள்ள சுரங்கத் தொழிலாளர்கள் பூமியின் ஆழத்தில் இறங்கி வேலை செய்வதில் உலகப் புகழ் பெற்றவர்கள். கோலார் தங்கவயலில் ஆழ்சுரங்கங்கள் தோண்டப்பட்டபோது கார்ன்வாலிலிருந்தே பலர் வரவழைக்கப்பட்டனர்.

கல்வி உதவித்தொகையின் துணையால் லண்டன் அறிவியல் கல்லூரியில் சேர்ந்த ஹாலந்து, நிலவியலில் முதல் வகுப்பில் தேறினார். அவர் பயின்ற கல்லூரியோடு ராயல் சுரங்கப் பள்ளியும் இணைந்திருந்தது. கனிமத்தைத் தேடுதல், தோண்டுதல், உருக்கிப் பிரித்தல் ஆகிய கலைகளை ஏட்டறிவோடும் கைப்பழக்கத்தோடும் ஒருசேரக் கற்பித்த நிலையம் அது. 1890-இல், தமது இருபத்திரண்டாம் வயதை எட்டும் தறுவாயில், ஹாலந்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியேற்றுக் கல்கத்தா வந்து சேர்ந்தார். 1851-இல் தொடங்கப்பட்ட அத்துறை, நிலக்கரி எங்கே, இரும்புக் கனி எங்கே, பொன் எங்கே என்று நாடு முழுவதையும் அளந்து வரைபடமாக்கிக் கொண்டிருந்தது. நம் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நில அமைப்பை ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற அறிஞர் அதற்கு முன்னரே நடந்து பார்த்து, 1883-இல் நூலாக வெளியிட்டிருந்தார்.

கல்லறைக் கல் தந்த பெயர்

ஹாலந்தின் கையில் இருந்த முதன்மையான கருவி நுண்ணோக்கி. பாறையிலிருந்து ஒரு சில்லை வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கனம் வரும்வரை தேய்ப்பார்கள். அந்த அளவுக்கு மெலிந்ததும் கருங்கல்லும் ஒளியை ஊடுருவ விடும். அதனுள் எந்தெந்தக் கனிமங்கள் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பது அப்போது வண்ணக் கோலமாகத் தெரியும். இம்முறையைப் பரவச் செய்தவர் ஷெஃபீல்டு நகரத்து அறிஞர் ஹென்றி சோர்பி. அவரே பின்னர் எஃகையும் மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்து, உலோகவியலுக்குப் புதிய வாசலைத் திறந்தார். பாறையை ஆய்ந்த கண்ணே எஃகையும் ஆய்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னைக்கு அருகே உள்ள பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களின் கருநிறப் பாறையை ஹாலந்து இவ்வாறு ஆராய்ந்தார். அதில் குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் இருந்தன. அவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமும் காணப்பட்டது. சாதாரண கிரானைட்டில் இது காணப்படுவதில்லை. இந்தப் பாறைக்குத் தனிப்பெயர் தேவை என்று அவர் கருதினார். கல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவராக இருந்து 1693-இல் மறைந்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை இருக்கிறது. அதன் மேலுள்ள கல்வெட்டுக் கல், வங்காளத்தின் வண்டல் மண்ணில் கிடைக்கக்கூடியதன்று. அது சென்னைப் பகுதியின் கருங்கல் என்பதை ஹாலந்து கண்டறிந்தார். சார்னாக் மறைந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்த 1893-இல், அவர் பெயராலேயே அப்பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார்.

பின்னர் 1900-ஆம் ஆண்டில் அப்பாறைத் தொகுதியைப் பற்றிய விரிவான ஆய்வு நூலை வெளியிட்டார். நீலகிரி, பழனி, சேர்வராயன் முதலிய தென்னாட்டு மலைகள் அந்நூலின் வாயிலாக உலக அறிவியலில் இடம்பெற்றன. இப்பாறை பூமியின் மேற்பரப்பில் உருவானதன்று. ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், நீர் மிகக் குறைந்த நிலையில் உருவாகிப் பல கோடி ஆண்டுகளில் மேலெழுந்து வந்தது. அதனாலேயே இத்தனை கடினமும் உறுதியும் அதற்கு வாய்த்தன.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இப்பாறை உருகிய குழம்பிலிருந்து நேரடியாக இறுகியது என்று ஹாலந்து கருதினார். பின்வந்த அறிஞர்களோ, ஏற்கனவே இருந்த பாறைகள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியும் இது தோன்றுகிறது என்று கண்டனர். இன்று இரு வழிகளும் ஒப்புக்கொள்ளப்படுகின்றன. அறிஞர் ஒருவர் சொன்னதில் ஒரு பகுதி திருத்தப்படுவதால் அவர் சிறுமையடைவதில்லை. திருத்துவதற்குரிய அடித்தளத்தை இட்டவரும் அவரே அன்றோ!

மலை சரிந்தபோது

1893 செப்டம்பரில் இமயமலையின் கர்வால் பகுதியில் கோனா என்னும் சிற்றூருக்கு அருகே மலையின் ஒரு பக்கம் சரிந்து பிரேஹி கங்கை ஆற்றை அடைத்தது. சுமார் 900 அடி உயரத்துக்கு மண்ணும் பாறையும் அணைபோல் எழுந்தன. அதன் பின்னால் நீர் தேங்கித் தேங்கிப் பெரிய ஏரியாயிற்று. அந்த அணை உடைந்தால், கீழே அலக்நந்தா ஆற்றின் கரையோரத்தில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான மக்களும், யாத்திரை வழியில் செல்வோரும் என்ன ஆவார்கள்?

நிலவியல் துறையின் சார்பில் அங்கே சென்று சரிவை ஆராய்ந்து அறிக்கை அளித்தவர் இளைஞர் ஹாலந்து. பாறை அடுக்குகள் எத்திசையில் சாய்ந்துள்ளன, அவற்றின் அடியை நீர் எவ்வாறு அரித்தது, இடிந்து விழுந்த குவியல் எவ்வளவு தாங்கும் என்பவற்றை அவர் விளக்கினார். பொறியாளர்கள் நீர்மட்டத்தை நாள்தோறும் அளந்து, அணை ஆகஸ்ட் மாத நடுவில் வழியும் என்று கணித்தனர். தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. கரையோர மக்கள் மேட்டு நிலத்துக்கு அனுப்பப்பட்டனர். 1894 ஆகஸ்ட் 25-ஆம் நாள் இரவில் ஏரி உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஸ்ரீநகர் என்னும் மலை நகரம் பெரிதும் அழிந்தது. ஆனால், எச்சரிக்கையை மீறித் திரும்பிச் சென்ற துறவி ஒருவரும் அவருடைய குடும்பத்தாருமே உயிரிழந்தனர், ஏனையோர் காப்பாற்றப்பட்டனர்.

இதனை வாசிக்கும்போது நம் உள்ளம் பெட்டிமுடிக்குச் செல்லாமல் இருக்க முடியாது. நமக்கு அண்டையிலேயே, மூணாற்றை அடுத்த ராஜமலைப் பகுதியில், 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயன்களை மூடியது. நம் மொழி பேசும் நம் மக்களில் 70 பேரை நாம் இழந்தோம். உறங்கிக் கொண்டிருந்த குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். கோனாவில் மலையும் சரிந்தது, வெள்ளமும் வந்தது. எனினும் மக்கள் பிழைத்தனர். ஏரி நிரம்புவதற்கு மாதங்கள் இருந்தன என்பது உண்மையே. பெட்டிமுடியில் ஓர் இரவுகூட அவகாசமில்லை. ஆனால், எந்தச் சரிவு மழையில் தளரும் என்பதை முன்கூட்டியே அறிந்து வைக்கும் கல்வி அவ்விரவுக்கு முந்தைய மாதங்களிலும் ஆண்டுகளிலும் பயன்படக்கூடியது. பாறை எவ்வளவு கடினமாயினும், அதன் மேலே படிந்த மண் மழைநீரில் ஊறினால் நழுவும். இதனை அறிந்திருப்பது மலைவாழ் மக்களுக்கு உயிர்ப் பிரச்சினையாகும்.

மூடப்பட்ட கதவு

1903-ஆம் ஆண்டு ஹாலந்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் இயக்குநராக உயர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 34. அவருடைய திறமையை எவரும் மறுக்க இயலாது. ஆயினும், அந்த நியமனத்தின் நிழலில் ஓர் அநீதி ஒளிந்திருந்தது.

பிரமதநாத் போஸ் என்னும் வங்காள அறிஞர் லண்டன் ராயல் சுரங்கப் பள்ளியிலேயே பயின்று, 1880-இல் இத்துறையில் சேர்ந்தவர். ஹாலந்தைவிடப் பத்தாண்டு மூத்தவர். மத்திய இந்தியாவில் ராஜ்ஹராவின் இரும்புக் கனியைப் பதிவு செய்த பெருமையும் அவருக்கு உண்டு. இருந்தும், பணிமூப்பில் இளையவரான ஹாலந்து தமக்கு மேலே அமர்த்தப்பட்டதும், போஸ் துறையிலிருந்து விலகினார். இந்தியர் ஒருவர் அத்தலைமைப் பொறுப்பில் அமர்வதை அன்றைய ஆட்சி விரும்பவில்லை என்பதே பலரும் கண்ட உண்மை.

விலகிய போஸ் வாளா இருக்கவில்லை. மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் பணியில் சேர்ந்து, கொருமஹிசானி மலையில் உயர்தர இரும்புக் கனி பெருமளவில் இருப்பதைக் கண்டறிந்தார். 1904 பிப்ரவரி 24-ஆம் நாள் ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு அதனைக் கடிதத்தில் தெரிவித்தார். அக்கடிதத்தின் விளைவாகவே டாட்டா எஃகு ஆலை இன்றைய ஜாம்ஷெட்பூரில் அமைந்தது. 1912-இல் அங்கே எஃகு வார்க்கப்பட்டது. கல்கத்தாவில் 1906-இல் தொடங்கிய வங்காளத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் கௌரவ முதல்வராகவும் போஸ் பணியாற்றினார். ஒரு கதவு மூடப்பட்டபோது, பின்வரும் தலைமுறைக்காக வேறு கதவுகளைத் திறந்து வைத்துச் சென்றவர் அவர். ஹாலந்தின் வாழ்வை எழுதும்போது போஸின் பெயரை விட்டுவிடுவது நீதியன்று.

உபபொருளின் இரகசியம்

இயக்குநராக இருந்த ஆண்டுகளில் ஹாலந்து நாட்டின் கனிம உற்பத்தியை ஒழுங்காகக் கணக்கெடுத்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறை மதிப்பாய்வு வெளியிடும் வழக்கத்தை ஏற்படுத்தினார். முதல் மதிப்பாய்வு 1898 முதல் 1903 வரையிலான காலத்தைப் பற்றியது. நிலக்கரி, பொன், மாங்கனீசு, மைக்கா, உப்பு, பர்மாவிலும் அஸ்ஸாமிலும் கிடைத்த பெட்ரோலியம் என்று ஒவ்வொன்றும் அதில் இடம்பெற்றன. அவருடைய காலத்திலேயே துறையில் சேர்ந்த எட்வின் பாஸ்கோ என்பவர் பின்னர் பர்மா, அஸ்ஸாம் எண்ணெய் வயல்களைப் பற்றி விரிவான நூல்களை எழுதினார்.

அக்கணக்கெடுப்பில் ஹாலந்து கண்ட உண்மை ஒன்று மிக ஆழமானது. இந்தியாவில் செம்பு, ஈயம் முதலிய உலோகங்களின் கனி இருந்தும், பழங்காலத்தில் இங்கே சிறப்புற்றிருந்த உலோகத் தொழில் ஏன் அழிந்தது? கனி இல்லாததால் அன்று. மேலை நாடுகளில் உலோகத்தைப் பிரிக்கும்போது வெளிப்படும் கந்தகத்தை வீணாக்காமல் கந்தக அமிலமாக்கி விற்றனர். அந்த உபபொருளின் இலாபத்தால் உலோகத்தை மலிவாகத் தர முடிந்தது. அமிலத்தை வாங்கும் இரசாயனத் தொழில் இந்தியாவில் இல்லை. ஆகவே உபபொருளுக்கு மதிப்பில்லை. உபபொருளுக்கு மதிப்பில்லாததால் உலோகத் தொழிலும் நிற்கவில்லை. கனி கச்சாப் பொருளாகக் கப்பலேறியது. அதுவே உலோகமாகி பன்மடங்கு விலையில் திரும்பி வந்தது.

இக்கருத்து நம் ஊர் வியாபாரிகளுக்கு எளிதில் விளங்கும். ஏலக்காயைப் பறித்து, ஸ்டோரில் காயவைத்து, சலித்து, பருமன் வாரியாகத் தரம் பிரித்து விற்கிறோம். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக் காய்க்கு ஒரு விலை, வெளிறியதற்கு ஒரு விலை. பிளந்த காயும் உதிர்ந்த அரிசியும்கூட வீணாவதில்லை. அவற்றிற்கும் விலையுண்டு என்பதால்தான் தொழில் நிற்கிறது. பச்சைக் காயை அப்படியே கொடுத்துவிட்டு, பிறர் பதப்படுத்தியதை நாமே விலைகொடுத்து வாங்கும் நிலை வந்தால் போடியின் கதி என்ன என்று எண்ணிப் பாருங்கள். அந்நிலையில்தான் அன்றைய இந்தியா கனிமத்தில் இருந்தது.

தொழில் ஆணைக்குழு

1909-இல் இந்தியப் பணியிலிருந்து விலகி மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியரான ஹாலந்து, முதல் உலகப் போரின் இடையே, 1916-இல், இந்தியத் தொழில் ஆணைக்குழுவின் தலைவராக மீண்டும் இந்தியா வந்தார். மதன்மோகன் மாளவியா, டோராப்ஜி டாட்டா, ராஜேந்திரநாத் முகர்ஜி, பம்பாய் ஆலை அதிபர் சர் ஃபஸுல்பாய் கரீம்பாய் ஆகியோர் உறுப்பினர்களில் அடங்குவர். சென்னை மாகாணத்தில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்ட ஆல்ஃபிரட் சாட்டர்டனும் அதில் இருந்தார்.

1918-இல் அளிக்கப்பட்ட அறிக்கை, தொழில் வளர்ச்சியில் அரசு ஒதுங்கி நிற்கலாகாது. கைத்திறனோடு கூடிய தொழிற்கல்வியைப் பரப்ப வேண்டும். மாகாணந்தோறும் தொழில் துறை அமைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாளவியா தனிக் குறிப்பு ஒன்றை எழுதி, இந்தியா முன்பே தொழிலில் சிறந்திருந்த நாடு என்பதையும், அயலாட்சியின் கொள்கையே அதனை வீழ்த்தியது என்பதையும் பதிவு செய்தார். தலைவரின் அறிக்கையும் உறுப்பினரின் மறுப்பும் ஒரே நூலில் அச்சாயின. கருத்து வேறுபாட்டை மறைக்காமல் பதிவு செய்வது எந்தக் கமிட்டிக்கும் நல்ல முன்மாதிரியே.

அதே போர்க்காலத்தில் இந்தியப் படைத்தளவாட வாரியத்தின் தலைமைப் பொறுப்பும் ஹாலந்திடம் இருந்தது. மெசபடோமியா என்று அழைக்கப்பட்ட இன்றைய இராக்கின் போர்முனைக்கு டாட்டா ஆலையின் தண்டவாளங்கள் சென்றன. எந்த மூத்த அறிஞரைக் கடந்து ஹாலந்து உயர்த்தப்பட்டாரோ, அந்த அறிஞர் காட்டிய இரும்பையே அவருடைய வாரியம் நம்ப வேண்டியதாயிற்று. காலம் வழங்கும் தீர்ப்பு இவ்வாறுதான் அமைகிறது.

பதவி துறந்த நாள்

1920-இல் ஹாலந்து வைஸ்ராயின் நிர்வாக சபை உறுப்பினரானார். மறு ஆண்டே ஒரு சோதனை வந்தது. போர்க்காலத் தளவாடக் கொள்முதலில் மோசடி நடந்ததாகக் கல்கத்தாவில் தொடரப்பட்ட வழக்கு ஒன்றைத் திரும்பப் பெற அவர் முடிவெடுத்தார். பொதுமக்களிடையே கண்டனம் எழுந்தது. செல்வாக்குடையவர்களுக்கு ஒரு நீதி, ஏழைகளுக்கு ஒரு நீதியா என்ற கேள்வி பிறந்தது. வைஸ்ராய் ரீடிங் பிரபு அம்முடிவை ஏற்கவில்லை. ஹாலந்து பதவியை விட்டு விலகினார்.

அவர் தம் சொந்த ஆதாயத்திற்காக அதனைச் செய்தார் என்று சொல்வதற்கில்லை. ஆனால், பொதுப் பணம் அமானிதமாகும். அதன் கணக்கைக் கேட்கும் வழக்கைப் பாதியில் நிறுத்தும் உரிமை எவ்வளவு பெரிய அறிஞருக்கும் இல்லை என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. முடிவு தம்முடையது என்பதால் அதன் விளைவையும் தாமே சுமந்து வெளியேறினார் என்பது மட்டுமே அவருக்குச் சாதகமாகச் சொல்லத்தக்கது. ஆண்டுதோறும் வரவு செலவை வாசித்து ஒப்படைக்கும் நம் போன்ற ஜமாஅத்துகளுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எண்ணெயும் உலக அமைதியும்

இந்தியாவை விட்டுச் சென்ற பின்னும் ஹாலந்தின் பணி ஓயவில்லை. 1922 முதல் 1929 வரை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். தாம் மாணவராகக் கண்ட ராயல் சுரங்கப் பள்ளி அப்போது அக்கல்லூரியின் ஓர் அங்கம். அங்கே சுரங்கவியலோடும் உலோகவியலோடும் பெட்ரோலியத் தொழில்நுட்பமும் கற்பிக்கப்பட்டு வந்தது. பெட்ரோலியத் தொழில்நுட்பவியலாளர் கழகத்தின் தலைவராகவும் 1920-களில் அவர் விளங்கினார். அதே காலத்தில், 1926-இல், ராயல் சுரங்கப் பள்ளியை முன்மாதிரியாகக் கொண்டு தன்பாத் நகரில் இந்தியச் சுரங்கப் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே 1957-இல் பெட்ரோலியப் பொறியியலும் தொடங்கியது. 2016-இல் அது ஐ.ஐ.டி. தகுதி பெற்றது.

1929 முதல் 1944 வரை எடின்பரோ பல்கலைக்கழகத்தின் முதல்வராகப் பணிபுரிந்த ஹாலந்து, தம் வாழ்நாள் ஆய்வின் சாரமாக ஒரு கருத்தை உலகத்தின் முன் வைத்தார். இரும்பும் நிலக்கரியும் எண்ணெயும் மாங்கனீசும் நிக்கலும் ஆகிய அனைத்தும் ஒரே நாட்டில் கிடைப்பதில்லை. கனிமமின்றி நவீனப் போர் நடவாது. ஆகவே, ஆக்கிரமிக்க எழும் நாட்டுக்குக் கனிமம் தர மாட்டோம் என்று ஏனைய நாடுகள் ஒன்றுபட்டு நின்றால், துப்பாக்கி தூக்காமலேயே போரை நிறுத்தலாம் என்பதே அக்கருத்து. 1935-இல் இதனை நூலாகவும் வெளியிட்டார்.

அவ்வாண்டிலேயே இத்தாலி அபிசீனியாவின் மீது படையெடுத்தது. சர்வதேச சங்கம் சில தடைகளை விதித்தது. ஆனால் எண்ணெயைத் தடைப் பட்டியலில் சேர்க்கவில்லை. இத்தாலியின் லாரிகளும் விமானங்களும் ஓடிக்கொண்டே இருந்தன. 1936-இல் அபிசீனியா வீழ்ந்தது. அறிவு இருந்தது; அதனை நிறைவேற்றும் நேர்மை வல்லரசுகளிடம் இருக்கவில்லை. எண்ணெய் வளமுள்ள நாடுகளின் மக்கள் அதன்பின் பட்ட துன்பங்களை நாம் அறிவோம். நிலத்தடியில் இருப்பது வரமா சாபமா என்பதைத் தீர்மானிப்பது நிலத்தின் மேலே இருக்கும் மனிதர்களின் நீதியே.

1947 மே 15-ஆம் நாள் ஹாலந்து இங்கிலாந்தில் காலமானார். அதற்கு மூன்று மாதங்களுக்குப் பின் இந்தியா விடுதலை பெற்றது.

மீண்டும் நம் மலைக்கு

ஹாலந்து பெயரிட்ட கல்லின் கதை அவரோடு முடியவில்லை. அணுவினும் நுண்ணிய நியூட்ரினோ துகள்களை ஆராய்வதற்கான நிலத்தடி ஆய்வகம் ஒன்றை நமக்கு அருகே, பொட்டிபுரத்தை ஒட்டிய போடி மேற்கு மலையின் அடியில் அமைக்க மத்திய அரசு 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதை குடைந்து, மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை மூடியிருக்குமாறு குகை அமைப்பது திட்டம். இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, சார்னோக்கைட் பாறையின் உறுதியே. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் இந்திய அறிவியலாளர்கள் நியூட்ரினோவின் அடையாளத்தைக் கண்டவர்கள் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

மறுபுறம், மதிகெட்டான் சோலைக் காடுகளுக்கும் வனவிலங்கு வழித்தடத்திற்கும் அருகே வெடிவைத்துக் குடைந்தால் நீர் ஊற்றுகளுக்கும் விவசாயத்துக்கும் என்ன நேரும் என்று மக்கள் அஞ்சினர், போராடினர், நீதிமன்றம் சென்றனர். 2022-இல் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆதரித்தோர் பக்கமும் எதிர்த்தோர் பக்கமும் நியாயங்கள் உள்ளன. தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால், அந்நாட்களில் நம் ஊர் டீக்கடைகளில் நடந்த விவாதங்களை நினைத்துப் பாருங்கள். பாறை என்ன, அதிர்வு எவ்வளவு தூரம் பரவும், ஊற்று எந்த விரிசல் வழியே வருகிறது என்று விளக்க நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் நம்மிடையே இருந்திருந்தால் அச்சத்திற்கும் வதந்திக்கும் பதிலாக அறிவோடு கேள்வி கேட்டிருப்போம். ஆதரித்தாலும் எதிர்த்தாலும் அறிந்து செய்திருப்போம்.

ஹாலந்தின் வாழ்வு நமக்குத் தரும் படிப்பினை இதுவே. ஆறாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து வந்த ஒருவர் நம் மலைக் கல்லைத் தேய்த்துப் பார்த்து, அதற்கு ஓர் அயலாரின் பெயரைச் சூட்டிச் சென்றார். அவர் அறிந்தார், ஆகவே பெயரிட்டார். நம் முன்னோர் அக்கல்லிலேயே வாழ்ந்தும், படிப்பதற்கான கதவு அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. படித்துத் தேறிய போஸ் போன்றோருக்கும் தலைமைக் கதவு மூடப்பட்டது. இன்று அக்கதவு திறந்திருக்கிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் உள்ளது. தன்பாத் ஐ.ஐ.டி.யில் நிலவியலும் பெட்ரோலியப் பொறியியலும் உள்ளன. நம் பிள்ளைகளை மருத்துவம், கணினி என்னும் இரண்டு வாசல்களின் முன் மட்டும் நிறுத்தி வைப்பது போதாது. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடிக்கும் ஆண், பெண் பிள்ளைகளில் ஓரிருவரையேனும் இத்துறைகளின் பக்கம் பெற்றோர் திருப்பிவிட வேண்டும்.

அடுத்த முறை போடிமெட்டுப் பாதையில் வண்டி வளைவில் திரும்பும்போது, அருகில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அந்தக் கரும்பாறையைச் சுட்டிக் காட்டுங்கள். அதன் பெயரைச் சொல்லுங்கள். அதனடியில் எத்தனை ஆழத்திலிருந்து அது எழுந்து வந்தது என்பதைச் சொல்லுங்கள். அந்தக் குழந்தை திருப்பிக் கேட்கும் கேள்வியிலிருந்து நாளைய அறிஞர் ஒருவர் நம் ஊரில் உருவாகக்கூடும்.